பேச்சியின் சாயாக்கடை

கொச்சி மட்டாஞ்சேரியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் மாயம்மாள் டீச்சர், கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளியின் மகள். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்வார். அவரையே ஒரு நாவல் குழப்பிவிட்டது.

பிள்ளைகளுக்கு மலையாளம்தான் சரளம். பாடமாக வைத்த நாவலைத் திறந்தால் கொட்டாவி. அதனால், கதையில் வரும் இடங்களில் எது உண்மை, எது கற்பனை என்று இணையத்தில் தேடி, வரைபடத்தில் அடையாளம் போடச் சொன்னார். கதாநாயகி பேச்சியின் சாயாக்கடை சுத்தக் கற்பனை. முன்னுரையிலேயே நாவலாசிரியர் சொல்லியிருந்தார்.

மறுநாள் மாணவி மஞ்சுஷா கைப்பேசியை நீட்டினாள். பஜார் ரோட்டில், ஊரே பார்க்கும் இணைய வரைபடத்தில், 'பேச்சி சாயாக்கடை' இருந்தது. நாலரை நட்சத்திரம். "சாயா கொள்ளாம்", டீ நல்லாயிருக்கு என்று மூன்று பேர் மலையாளத்தில் எழுதியிருந்தார்கள்.

"யாருடி இதச் சேத்தது?"

"நாங்கதான் டீச்சர். நீங்கதான அடையாளம் போடச் சொன்னீங்க."

"இந்த மூணு பேரு?"

"அதான் தெரியல டீச்சர். நம்ம கிளாஸ்ல அந்தப் பேர்ல யாருமில்ல."

அந்தக் கடையை வரைபடத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கத்தினார். ஆனால் சாயங்காலம் கால்கள் பஜார் ரோட்டுக்குத்தான் போயின. வரைபடம் காட்டிய இடத்தில் ஒரு பழைய கிடங்கு. கதவில் துருப்பிடித்த பூட்டு. பக்கத்தில் சுமைதூக்கும் பெரியவர் ஒருவர் மூட்டையில் சாய்ந்திருந்தார்.

கேட்கவே வெட்கமாக இருந்தது. கேட்டார்.

"சேட்டா, இங்க பேச்சி சாயாக்கடைன்னு..."

பெரியவர் பூட்டைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இன்னைக்கு லீவு. நாளைக்கு வாங்க."