அவளை முந்திக்கொண்டு நான் சொன்ன பதில்

மூன்று வருடங்களுக்கு முன், துர்கா பூஜைப் பந்தலுக்காக எங்கள் பாலிகஞ்ச் தெருவில் மூங்கில் வந்து இறங்கிய சமயம். என் மனைவியின் வலது நுரையீரலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. உடனே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன்.

அவளுக்குக் கணீரென்ற குரல். கரியாஹாட்டில் நான்கு கடை தள்ளி இருக்கும் காய்கறிக்காரரிடம் நின்ற இடத்திலிருந்தே வங்க மொழியில் பேரம் பேசுவாள். நான் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் இருந்தபோது அவள் போன் செய்தால், அன்று எங்கள் வீட்டில் என்ன சமையல் என்பது பக்கத்து மேஜைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். இளம்பெண். எங்களைச் சித்தி, சித்தப்பா என்பதுபோல் 'மாஷிமா', 'மேஷோ' என்றுதான் கூப்பிடுவார். "மாஷிமா, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆகியிருக்கா? மூச்சுக்குக் குழாய் போட்டப்போ தொந்தரவு ஏதாவது?" என்று வங்க மொழியில் கேட்டார்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "பன்னிரண்டு வருஷம் முன்னாடி பித்தப்பை எடுத்தாங்க டாக்டர். ஒரு பிரச்சினையும் இல்லை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி புற்று இல்லை என்றும் தெரிந்தது. ஆனால் மறுநாள் அவள் பேச வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. பேனா கேட்டு வாங்கி எழுதினாள்: "அப்பவும் குழாய் கஷ்டப்பட்டுத்தான் போட்டாங்க. ஒரு மாசம் தொண்டை கட்டியிருந்ததே, மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன்.

அந்த மயக்க மருந்து டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து விளக்கினார். ஒரு நுரையீரலை நிறுத்திவைத்து மற்றதை மட்டும் மூச்சுவிட வைக்க வேண்டும் என்பதால் இந்த ஆபரேஷனுக்கு இரண்டு வழியுள்ள தடித்த குழாய் போடுவார்களாம். அது மூன்றாவது முயற்சியில்தான் உள்ளே போயிருக்கிறது. குரல்நாணில் உரசிக் காயமாகிவிட்டது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா, சின்ன குழாயா எடுத்து கேமராவில பாத்துக்கிட்டே போட்டிருப்பேன்" என்றவர், "தப்பு என்மேலயும் இருக்கு மேஷோ. கேட்டது மாஷிமாகிட்ட. எழுதிக்கிட்டது உங்க பதிலை" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று உத்தரவு. பூஜை வந்தது. தெருவெல்லாம் தாக் மேளம் அதிர்ந்தது. வீட்டுக்குள் மட்டும் சத்தமே இல்லை. ஒருநாள் நான் பேப்பரில் மூழ்கியிருக்க, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அவள் வந்து அடுப்பை அணைத்தாள், துடைத்தாள், போய்விட்டாள். ஒரு திட்டு விழாதா என்று அன்றைக்கு ஏங்கியதுபோல் நான் வாழ்க்கையில் எதற்கும் ஏங்கியதில்லை.

பத்து வாரம் கழித்து ஒரு காலையில், "பேப்பரை மடிச்சு வைங்க" என்று கரகரத்த குரல் கேட்டது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று, காதில் விழாததுபோல் உட்கார்ந்திருந்தேன். சொன்னாள். பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

குரல் அதற்குமேல் தேறவில்லை. பேசுகிறாள், உரக்கக் கூப்பிட முடியாது. அடுத்து எங்கே ஆபரேஷன் என்றாலும் காட்டும்படி, குழாய் விவரமெல்லாம் எழுதி அந்த டாக்டர் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். போன வருடம் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனபோது அவளே அதை நீட்டி, அந்தக் கரகரத்த குரலில் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. குழாயைச் சிரமமில்லாமல் போட்டார்கள். தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று அவளைப் பேசவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெருவில் போகும்போது ஏதோ ஒரு மாடியிலிருந்து ஒரு பெண் உரக்கக் கூப்பிட்டால், என்னைத்தானோ என்று இன்றும் நின்று அண்ணாந்து பார்க்கிறேன்.