5.42 முதல் 5.53 வரை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது நடந்ததுதான். என் அண்ணிக்கு நடந்தது. கோபம் வந்தால் ஊரைக் கூட்டுவாரே தவிர, அவருக்குக் கதை கட்டத் தெரியாது.

மலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம். காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசியை எண்ணுவது அண்ணியின் வேலை. அந்தத் தூசியில் ஈரம் ஒட்டித்தான் மேகமும் மூடுபனியும் உண்டாகும். மொட்டைமாடியில் உள்ள குழாய் காற்றை உறிஞ்சும். கீழே கருவி எண்ணிக்கை காட்டும்.

புதன்கிழமை, காலை 5.42. வெளியே மூடுபனி. 800-ல் நின்ற எண்ணிக்கை திடீரென 90-க்குச் சரிந்தது. மறுபடி 800. மறுபடி 90. நான்கு நொடிக்கு ஒருமுறை.

5.44. நகரத்திலிருந்து மேலதிகாரியின் போன். அவர் திரையிலும் அதே எண்கள்தான் ஓடும்.

"குழாயில வாய வச்சு ஊதுறீங்களா? நுரையீரல் தூசிய வடிகட்டிடும், மூச்சுக்காத்து சுத்தமா வரும். இதுகூடத் தெரியாதா?"

"நான் கீழதான் சார் இருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவனும் இதே கூத்துதான்."

அண்ணிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. எவனோ விளையாடுகிறான், பழி இவர் தலையில். கையில் கிடைத்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகத்தில் இரும்பு ஏணியில் தடதடவென்று ஏறினார்.

மாடியில் யாரும் இல்லை. ஈரத் தரையில் அவர் காலடி மட்டும்.

"எவன்டா அது? வெளிய வா."

ஹ்ஹா... ஹ்ஹா...

குழாய் முனையிலிருந்து.

கையை நீட்டினார். காற்றை உள்ளே இழுக்கும் குழாய் அது.

உள்ளங்கையில் பட்டது... வெதுவெதுப்பாக... வெளியே வரும் மூச்சு.

மெதுவானது...

இன்னும் மெதுவாக...

5.53. நின்றது.

அன்றே பழைய பதிவுகளைத் தோண்டினார். முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போனதாகத்தான் அண்ணியிடம் சொல்லியிருந்தார்கள். இல்லை. போன வருஷம் நெஞ்சுவலி வந்து, அந்தக் குழாயடியிலேயே விழுந்து இறந்திருக்கிறார். அன்றைய தாளிலும் 5.42 முதல் அதே ஏற்ற இறக்கம். 5.53-ல் அடங்குகிறது. ஓரத்தில் மேலதிகாரியின் கையெழுத்து: 'கருவிக் கோளாறு. 5.44-க்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.'

அண்ணி யாரிடமும் கேட்கவில்லை. தாளை உருவிக்கொண்டு நேராக இறந்தவரின் மனைவியிடம் போனார்.

ஒவ்வொரு சரிவும் ஒரு மூச்சு என்று அண்ணி சொல்ல, அந்த அம்மா 5.42 முதல் 5.53 வரை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"விழுந்ததுமே உயிர் போயிடுச்சுன்னு சொன்னாரே, உங்க ஆபீசர்."

"ஆம்புலன்ஸ் எப்பம்மா வந்துச்சு?"

"ஒன்பது மணிக்கு. அந்த ஆபீசர்தான் கூப்பிட்டாராம்."