கடைசி ஓட்டை

அடையாற்றில் எங்கள் மொட்டை மாடியில் பழைய மரத்தளம் ஒன்று உண்டு. வெயிலில் விரிசல் விட்டு, கருவண்டு துளைத்த ஓட்டைகளோடு கிடந்தது. மாலையில் அங்கேதான் என் மகளுக்கு வளைகாப்பு; அன்று காலையில்தான் ஒரு தச்சர் கிடைத்தார். ஒல்லியான உடம்பு, புருவமெல்லாம் மரத்தூள். தூளைப் பசையில் குழைத்து அடைப்பதற்கு முன், ஒவ்வொரு ஓட்டையிலும் காதை வைத்துக் கேட்பார்.

விருந்தினர் வரத் தொடங்கிவிட்டார்கள். கடைசி ஓட்டையில் காதை வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"உள்ள வண்டு கீது சார். வெளிய வரட்டும்."

மனைவி ஜமுக்காளத்தோடு படியில் நின்று என்னை முறைத்தாள். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அதெல்லாம் பாக்க நேரமில்லப்பா! அடைச்சுட்டுக் கெளம்பு!"

அவர் நிமிரவில்லை. பசை விரலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"ஆத்தோரம் எங்க வூட்ட இடிக்க வந்தவங்களே, வெளிய வர்றதுக்கு அர மணி நேரம் குடுத்தாங்க சார்."

ஜமுக்காளத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். வண்டு வெளியே வந்து பறந்த பிறகுதான் அடைத்தார்.

அந்த அரை மணி நேரத்தை அவர் நன்றியாகச் சொன்னாரா, சாபமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.