சொல்லாமல் கொடுத்த மாத்திரை

அந்தமானில், ஃபெரார்கஞ்ச் பக்கம் என்னைவிட வேகமாக மின்கம்பம் ஏறும் லைன்மேன் கிடையாது. மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கிறேன்.

முதலில் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே காய்ச்சல்; அவ்வளவுதான். போர்ட் பிளேரில் ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் விட்டது. ஆனால் மாத்திரை தீருவதற்குள் குதிகாலுக்கு மேலே யாரோ பிடித்து இழுப்பதுபோல வலி. பாதம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தன. முழங்கால் மடங்கவில்லை.

திரும்பப் போய்ச் சொன்னேன்.

"கம்பம் ஏறுற வேலையாச்சே, அப்படித்தான் இருக்கும். கிருமி இன்னும் மிச்சமிருக்கு" என்று அதே மாத்திரையை மறுபடியும் எழுதினார். நானும் நம்பி விழுங்கினேன். நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

அதன்பிறகு ஏணியில் கால் வைக்க முடியவில்லை. கழிப்பறையில் எழுந்து நிற்கவே மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது. ஜூனியர் இன்ஜினியர் எல்லோர் முன்னாலும், "நாடக் மத் கரோ" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நான் நடிக்கிறேனாம்!

மெயின்லேண்ட் போய், சென்னையில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். காலைத் தொடும் முன்பே, "இதுக்கு முன்னாடி என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அரிதாகச் சிலருக்கு அந்த வகை மாத்திரை தசைநாரையும் நரம்பையும் தாக்கும், வலி தொடங்கியதுமே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். எப்போது சரியாகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக அந்த போர்ட் பிளேர் டாக்டரிடம் போனேன். "சத்தம் போடாதீங்க" என்று மனைவி சட்டையைப் பிடித்தாள். போட்டேன்.

"ஏன் சார் எனக்குச் சொல்லல?"

"எல்லாருக்கும் வராதுங்க. சொன்னா பயந்துகிட்டு மாத்திரையே சாப்பிட மாட்டீங்க."

"பயப்படறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? கால் என்னுது சார். வலிக்குதுன்னு வந்தவனுக்கு அதையே திரும்பக் கொடுத்தீங்களே!"

டாக்டர் மணியை அழுத்தி அடுத்தவரை அழைத்தார். ஒரு வங்காளிப் பெண் உள்ளே போனார். நான் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் வாசலில் தடுமாறிக்கொண்டிருந்தேன். காலில் வலி வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள் என்று டாக்டர் அந்தப் பெண்ணிடம் இந்தியில் சொல்வது கேட்டது.

"பாத்தீங்களா, இப்பவாவது சொல்றாரு" என்றாள் மனைவி.

எனக்கு ஆறவில்லை. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.