வாசலில் கழற்றாத செருப்பு

என் மகள் யாழினிக்கு நாலு வயசு. எனக்கு நாற்பத்து நாலு. போன மார்கழிப் பௌர்ணமி மாலை கிரிவலம் கிளம்பும்போது, "இங்கயே நில்லு, அம்மா செருப்பை விட்டுட்டு வரேன்" என்று சொல்லி அவளை ஒரு கடை வாசலில் நிறுத்தினேன். டோக்கன் வாங்கித் திரும்பினால் அவள் இல்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் போலீஸ் தூக்கி வந்து கொடுத்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் பக்கத்து மழலையர் பள்ளியில், வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னாலே அலறினாள். ஆயாம்மா பிடுங்கப் போனார். அவர் கையைக் கடித்துவிட்டாள். "நீ குடுக்குற செல்லம்" என்றார் என் கணவர். கயிறு மந்திரித்துக் கட்டினோம். வெறுங்காலோடு மலையைச் சுற்றினால் பயம் தெளியும் என்று வேண்டிக்கொண்டு, தைப் பௌர்ணமிக்கு நானே அவளை அழைத்துப் போனேன். நானே செருப்பைக் கழற்றினேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டாள்.

"வேற ஸ்கூல் பாருங்களேன்" என்றார்கள் பள்ளியில். அன்று கிரிவலப் பாதையில் உள்ள ஈசானிய லிங்கத்தின் முன் உட்கார்ந்து அழுதேன். 'அப்பா, அவளுக்கு என்ன பயம்னு யாராவது எனக்குச் சொல்லட்டும்.' அது மட்டும்தான் கேட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அதே பள்ளிக்கு ஷாஹிதா டீச்சர் புதிதாக வேலைக்கு வந்தார். எப்போது ஆரம்பித்தது என்று முதல்முறையாக ஒருவர் கேட்டார். சொன்னேன்.

"இது அடம் இல்லைங்க. செருப்பைக் கழட்டினா அம்மா காணாமப் போயிடுவாங்கன்னு குழந்தை நினைக்குது. போட்டுக்கினே உள்ள வரட்டும். நீங்க உங்க செருப்பை அவ பக்கத்துல விட்டுட்டுப் போங்க. மதியம் வந்து அதையே போட்டுக்குங்க."

"வெறுங்காலோடயா?"

"பதினாலு கிலோமீட்டர் மலை சுத்துறீங்க, ரெண்டு தெரு ஜாஸ்தியா?" என்று சிரித்தார்.

ஆறு வாரம் அப்படியே நடந்தேன். பங்குனி வந்ததும் தார்ச்சாலை கொதித்தது. நான் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வருவதை யாழினி ஜன்னலில் நின்று பார்ப்பாள். ஒரு புதன்கிழமை காலை, பள்ளி வாசலில் உட்கார்ந்து தன் செருப்பைத் தானே கழற்றினாள். நான் கழற்றி வைத்ததை என் காலருகே தள்ளினாள்.

"போட்டுக்கினு போம்மா. கால் சுடும்."

கூட்டத்தைக் கண்டால் அவள் இன்னும் என் புடவையை விடமாட்டாள். அவளாகக் கேட்கும்வரை கிரிவலம் எனக்கு மட்டும் என்று வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். அந்த டீச்சரை அண்ணாமலையார்தான் அனுப்பினார் என்று நம்புகிறேன். உங்கள் பிள்ளை காரணமில்லாமல் அலறினால், அதட்டும் முன் அண்ணாமலையாரிடம் கேளுங்கள். காரணத்தைக் காட்டுவார். எனக்குக் காட்டினார்.