ஜீயபுரத்தில் கிடைக்காத கையெழுத்து

எனக்குக் கல்யாணமான புதிதில் என் கணவர் வாழை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஜீயபுரம் பக்கத்தில் தோட்டங்களை மொத்தமாக விலை பேசி, தார்களை வெட்டித் திருச்சி மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்பார். தோட்டக்காரர்களோடு எழுத்து எதுவும் கிடையாது. வரப்பில் நடந்து மரங்களைப் பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். அவர்கள் சம்மதித்தால் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார். மீதி, காய் வெட்டி முடிந்த பிறகு. நான் அப்போது மாதா கோயிலை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. என் சம்பளம் அவருடைய வரவுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதுமில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் பெரிய காற்று அடித்தது. விடிந்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். விலை பேசி வைத்திருந்த தோட்டங்கள் எல்லாமே படுத்துவிட்டன. தார்கள் பாதி விளைச்சலில் சேற்றில் கிடந்தன. பேச்சு முடிந்த பிறகு காற்று அடித்தால் நஷ்டம் வியாபாரியைச் சேர்ந்தது. அங்கே அதுதான் வழக்கம். அவர் அதை மறுக்கவில்லை.

ஆனால் கொடுக்கப் பணம் இல்லை. முன்பணத்துக்காக ஒரு லேவாதேவிக்காரரிடம் புரோநோட்டு என்கிற கடன் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். லேவாதேவிக்காரர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். என் நகைகளை விற்று அவருக்குக் கொடுத்தோம். வாய்ச்சொல்லை நம்பிய தோட்டக்காரர்களிடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னோம். அப்போது எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர்களில் ஒருவர் தையில் மகளின் கல்யாணத்தை வைத்திருந்தார். எங்கள் பணத்தை நம்பித்தான் நாள் குறித்திருந்தார். தை வந்தது, பணம் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் பொறுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மறுவருஷம் அந்தப் பெண்ணை, மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருந்த வீடு. இதை மார்க்கெட்டில் யாரோ சொல்லி என் கணவர் தெரிந்துகொண்டார். அன்று முதல் அவர் மார்க்கெட் பக்கம் போகவில்லை.

மளிகைக்கடைக்காரர் பற்று எழுதுவதை நிறுத்தினார். நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர், அட்வான்ஸ் கூடுதலாக வேண்டும் என்றார், இல்லையென்றால் காலி செய்யச் சொன்னார். பல குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறைக்கு மாறினோம். குழாயடியில் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிற பெண்கள் இருந்தார்கள். காசு இல்லாததைவிட, நம்மை நம்ப ஆளில்லை என்பது வேறு மாதிரியான வறுமை. அது சாப்பாட்டுத் தட்டில் தெரியாது, எதிரே வருகிறவர்களின் கண்ணில் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. முதலாளி நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்ட பெரியவர். மார்க்கெட் விஷயம் எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆறு மாதம் கல்லாவில் உட்கார விடவுமில்லை. என் கணவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "அவரு எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றார்.

அவர் சம்பளத்தில் சாப்பிட்டோம். என் சம்பளம் மாதாமாதம் ஜீயபுரத்துக்குப் போனது. சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவர் சைக்கிளில் கிளம்புவார். ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பலாமே என்று ஒருமுறை சொன்னேன். "நானே போய்த்தான் தலைகுனியணும்" என்றார். வருஷங்கள் ஓடின. கடைசித் தோட்டக்காரருக்கும் கொடுத்து முடித்த அன்று அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்துப் பாயசம் வைத்தேன். அவர் அதைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் வீட்டு ஆசை எனக்கு வந்தது. எங்கள் பள்ளியில் வேறொரு ஆசிரியை வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, எடமலைப்பட்டி புதூரில் மனை வாங்கியிருந்தார். அப்போது அங்கே முள்ளும் வெட்டவெளியும்தான். நான் போய்ப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவர் சம்மதிக்கவில்லை. இனி ஒரு காகிதத்திலும் கடன் என்று எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். கடனில்லாமல் சாவதே போதும் என்றார். பல நாள் இந்தப் பேச்சு எங்களுக்குள் நடந்தது. ஒருநாள் நான் சொன்னேன்: "கடன் வாங்கினதால நம்ம பேரு கெடலீங்க. குடுக்க முடியாமப் போனதாலதான் கெட்டுச்சு. ஒரு தடவ வாங்கி, தவணை தவறாம குடுத்துக் காட்டினாத்தான் அது போகும்." மறுநாள் அவர் என்னோடு சங்கத்துக்கு வந்தார்.

சங்கத்தின் செயலாளர் மரியாதையானவர். இரண்டு பேர் ஜாமீன் போடவேண்டும் என்றார். ஒருவராக அந்த ஆசிரியையின் கணவர் ஒப்புக்கொண்டிருந்தார். செயலாளர் சிறிது தயங்கிவிட்டு, மார்க்கெட்டில் விசாரித்ததாகவும், கமிட்டியில் சிலர் பழைய விஷயத்தைப் பேசுவதாகவும் சொன்னார். "அப்ப பாதிக்கப்பட்டவங்கள்ல நெலம் உள்ள ஒருத்தர் ஜாமீன் போட்டா, அதுக்கப்புறம் யாரும் பேச முடியாதுங்க" என்றார்.

யாரிடம் போவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் குத்தகைக்குப் பயிர் செய்தவர்கள்; சொந்த நிலம் உள்ளவர், கல்யாணம் நின்ற பெண்ணின் அப்பாதான். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். அவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். திரும்பும் வழியில் என் கணவர், போட்டுவிடுவார் என்று நினைக்கிறேன் என்றார். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு தெளிவைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெரியவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, என் கணவரைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"பணம் வந்துருச்சு டீச்சர். ஒரு பைசா பாக்கியில்லேன்னு எந்தச் சபையில வேணாலும் சொல்றேன். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். பணம் வந்துச்சு, அந்தத் தை மாசம் வரலியே."

என் கணவர் கைகூப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். பஸ் வரும்வரை காவிரிக்கரையோரம் நின்றிருந்தோம். அந்தப் பெரியவர் சொன்னதில் தவறு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் கடையில் இவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து முதலாளி விசாரித்திருக்கிறார். இவர் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஜாமீன் கேட்கவில்லை. முதலாளி அன்று சாயங்காலம் கடை சாத்தும்போது, எந்தச் சங்கம், எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். அந்த வாரமே சங்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். "இவர் கையில கல்லாச் சாவி இருக்கு. இனிமே நான் என்ன சொல்லணும்? மிச்சத்தைப் பெருமாள் பார்த்துப்பார்" என்று கமிட்டியிடம் சொன்னாராம்.

கடன் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு. அறுபதுகளின் தொடக்கத்தில் குடிபோனோம். எங்கள் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். முதலாளி மனைவியோடு வந்து, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஜீயபுரத்துக்கும் சொல்லியிருந்தோம். யாரும் வரவில்லை.

அதற்குப் பல மாதங்கள் கழித்து ஒரு பகலில், பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த நாளில், ஒரு பெண் கையில் குழந்தையோடு வாசலில் நின்றாள். ஜீயபுரத்துத் தோட்டக்காரரின் மகள் என்று சொன்னாள். உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தேன். தன் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், விசாரித்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னாள். காபி கொடுத்தேன். குழந்தைக்கு ஒரு வாய் புகட்டிவிட்டுத் தானும் குடித்தாள். பிறகு எழுந்து அறைகளையும் கிணற்றையும் பார்த்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"எங்கப்பா கையெழுத்துப் போடலேன்னு உங்களுக்கு வருத்தமா இருந்திருக்கும்" என்றாள். "அவரு போடுறதாத்தான் இருந்தாரு. அந்த வாரம் நான் ஊருக்கு வந்திருந்தேன். நான்தான் வேண்டாம்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை.

"காத்து அடிச்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க டீச்சர். ஆனா பத்திரம் வச்சிருந்தவருக்கு மொதல்ல குடுத்தீங்களாமே. எங்கப்பா உங்க வீட்டுக்காரர்கிட்ட எழுதி வாங்காம விட்டது அவரு மேல இருந்த நம்பிக்கையாலதானே."

குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அந்த மாப்பிள்ளையை ஒரே ஒரு முறை பார்த்ததாகவும், இப்போது முகம்கூட நினைவில்லை என்றும் சொன்னாள். தன் வீட்டுக்காரர் கெட்டவரில்லை என்றாள். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இன்னும் அம்மா என்று கூப்பிடுவதில்லை என்றாள். புகார் சொல்கிற குரலில் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

கிளம்பும்போது, "வீடு நல்லா இருக்கு. பாக்கணும்னு இருந்துச்சு, பாத்துட்டேன். வரேங்க" என்றாள். பஸ் நிற்கும் இடம்வரை நான் கூடப் போனேன். குழந்தையின் கையில் பணம் கொடுக்கப் போய், நிறுத்திக்கொண்டேன். அவளிடம் இன்னும் ஒருமுறை பணத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் கணவரிடம் அன்றிரவே சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார் என்று பயந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். "வந்து சொன்னாளே, அதுவே பெரிசு" என்றார். மறுநாள் காலை கடைக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் கணவர் வீடு திரும்பும்வரை தினமும் போனார். மருந்து வாங்கிக் கொடுப்பார், டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தை நாங்கள் பார்க்கவில்லை.

சங்கத் தவணை ஒருமுறையும் தவறவில்லை. கெடுவுக்கு முன்பே அவர் நேரில் போய்க் கட்டிவிடுவார். சில வருஷங்களில் அந்தச் செயலாளரே, புதிதாகக் கடன் கேட்பவர்களைப் பற்றி விசாரித்துச் சொல்லும் கமிட்டியில் இவரைச் சேரச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. இவர் மறுத்துவிட்டார். "ஒருத்தன் நாணயத்தை எடை போடுற வேலை எனக்கு வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நடந்தார்.