ஆட்டோ வேணாம்னு அடம்பிடிச்ச சோலையப்பன் அண்ணன்

சோலையப்பன் அண்ணன் போயிட்டாராம்.

காலையில பழைய கம்பெனி வாட்ஸப் குரூப்ல அவரு போட்டோவைப் பாத்ததும் பிறந்தநாள்னுதான் நினைச்சேன்... கீழ படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே...

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சிவகாசிகிட்ட விஸ்வநத்தம் பக்கம் நான் முன்னாடி வேலை பாத்த கம்பெனியில அவருதான் எலக்ட்ரீசியன். வெடிக்கு அட்டைக் குழாய் சுத்துற கம்பெனி. நான் மெஷின்ல நிப்பேன், அவரு கரண்டு பேனல் பாப்பாரு. எங்க ரெண்டு பேருக்கும் நித்தம் சண்டை.

சண்டைக்குக் காரணம் ஒரு ரிலே. சிரிக்காதீங்க.

மோட்டாருக்கு லோடு கூடிச்சுன்னா கரண்டைக் கட் பண்ற சின்ன டப்பா அது. பேனலுக்குள்ள இருக்கும். அதுல ஆட்டோன்னு ஒண்ணு, மேனுவல்னு ஒண்ணு. ஆட்டோவுல வச்சா, சூடு ஆறுனதும் தானா சேந்து மெஷின் ஓட ஆரம்பிச்சிரும். மேனுவல்ல வச்சா, ஆளு போயி பட்டனை அமுக்கணும். எங்க அண்ணன் வச்சது மேனுவல்.

பேனல் எங்க இருக்கு? வெளிச் செவுத்துல. பட்டாசு ஊருல்ல, எல்லாம் வெளியதான் வைப்பாக. மழைன்னா பேப்பர் நமுத்துப் போயி ரோலர்ல சிக்கும், மெஷின் நிக்கும், நான் நனைஞ்சுக்கிட்டே சுத்திப் போயி அமுக்கிட்டு வரணும். தீவாளி சீசன், சுத்துன பீசுக்குத்தான் கூலி... வயிறு எரியுமா எரியாதா?

"ஏன்ணே, ஊரே ஆட்டோவுல ஓடுது, எங்களை மட்டும் எதுக்கு இந்தப் பாடு படுத்துறீக?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. போயி பட்டனை அமுக்கு."

அம்புட்டுத்தான் பதிலு. நல்லா ரெண்டு வார்த்தை எடுத்துச் சொன்னாத்தான் என்னவாம்? சொல்ல மாட்டாரு.

ஒருநாள் பழைய ரிலே போயிருச்சு. புதுசு வாங்க அண்ணன் சிவகாசிக்குக் கிளம்புனாரு. ஆட்டோ வாங்க வச்சிரணும்னு நானும் லோடு வண்டியில ஒட்டிக்கிட்டேன். மோட்டார் தகட்டுல இருந்த ஆம்பியரை உள்ளங்கையில எழுதிக்கிட்டு வந்திருந்தாரு மனுஷன்.

கடைக்காரர் மூணு நாலு எடுத்துப் போட்டாரு. இவரு ஒவ்வொண்ணா எடுத்து, திருகிப் பாத்து, டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காதுகிட்ட வச்சுக் கேட்டு... கடைக்காரருக்கே பொறுமை போச்சு. "என்ன அண்ணாச்சி, ரிலே வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

"பொண்ணு பாக்க இம்புட்டு நேரம் எடுக்கலய்யா. அதான் இன்னைக்கு வரைக்கும் அனுபவிக்கேன்." கடையே சிரிச்சுது.

கடைசியில வாங்குனதுல ரெண்டும் இருந்துச்சு, வேணுங்கிற பக்கம் திருகிக்கலாம். எனக்கு ஒரே சந்தோசம். மறுநாள் போயிப் பாத்தா, ஆட்டோ பக்கம் திருகவே முடியாதபடி எபாக்சிப் பசையை வச்சு அடைச்சிருக்காரு! எப்படி இருக்கும் எனக்கு?

விட்டேனா. பொம்பளைக எல்லாரும் சேந்து மொதலாளிகிட்ட போனோம். மொதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, ஆட்டோவும் போடு, சும்மா சும்மா கட் ஆகாம ஆம்பியரையும் கொஞ்சம் ஏத்தி வையின்னாரு.

"மோட்டாருல எழுதியிருக்கிறதுதான் கணக்கு. ஏத்தணும்னா பெரிய மோட்டாரா வாங்குங்க மொதலாளி. ஆட்டோதான் வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க." டெஸ்டரை மேசையில வச்சுட்டு நின்னாரு. சீசன் நேரத்துல எலக்ட்ரீசியனுக்கு எங்க போறது? மொதலாளி டெஸ்டரை எடுத்து அவரு கையிலேயே குடுத்துட்டாரு. நாங்களும் முணுமுணுத்துக்கிட்டே திரும்பி வந்தோம்.

அந்த ஐப்பசியிலதான் அது நடந்துச்சு.

பேப்பர் சிக்கி மெஷின் நின்னுருச்சு. நான் ரெண்டு கையையும் ரோலருக்கு நடுவுல விட்டுப் பசைப் பேப்பரைப் பிய்ச்சுக்கிட்டு இருக்கேன். பக்கத்துல முத்துமாரி. அவ நாத்தனா வீட்டுக் கதை ஓடிக்கிட்டு இருக்கு... சுவாரசியமான கதை வேற. எங்க பக்கம் யாரு சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுக் கை வைக்கா? நின்னுருச்சுன்னா நின்னுருச்சுதான்.

அண்ணன் உள்ள வந்தாரு. எப்பவும் ஏலே ஏத்தான்னு கத்துற மனுஷன், அன்னைக்குக் கத்தல. என் ரெண்டு மணிக்கட்டையும் பிடிச்சு வெளிய எடுத்தாரு. அப்படியே பேப்பர் ரோல் மேல உக்காந்துட்டாரு. "கொஞ்சம் தண்ணி குடு தாயி"ன்னாரு.

அப்புறந்தான் நான் மெஷின் சுவிட்சைப் பாத்தேன். ஆன்ல இருக்கு. ரிலே சூடு எப்பவோ ஆறியிருக்கும்... யாரும் போயி பட்டனை அமுக்கல, அதனால மெஷின் ஓடல.

ஆட்டோவா இருந்திருந்தா என் ரெண்டு கையும்... முத்துமாரி ஓன்னு அழுதுட்டா.

அதுக்கப்புறமும் அவருகூட சண்டை போட்டேன், அது வேற விஷயம். டீயில சீனி இல்லேன்னு ஒரு சண்டை, ஃபேன் சத்தம் போடுதுன்னு ஒரு சண்டை. சண்டை போடலேன்னா "உடம்புக்குச் சரியில்லையா புள்ள?"ன்னு அவரே வந்து கேப்பாரு. அந்தக் கம்பெனியை நினைச்சாலே எனக்கு எங்க சண்டைச் சத்தந்தான் ஞாபகம் வருது...

மத்தியானம் அவரு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்காரு. ஒரு வார்த்தை திட்டணும்போல இருந்துச்சு.

ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டேன்.

போயிட்டு வாங்கண்ணே.